அறுந்த கயிறும் அறுத்த கயிறும்
(மலையேற்றச் சாகசத் திரைப்படங்களின் ஈர்ப்பு குறித்து)

கயிறு 'அறுந்தது' என்பதற்கும் கயிற்றை 'அறுத்தான்' என்பதற்கும் இடையே தமிழில் ஒரு மெய்யெழுத்தளவே தொலைவு. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. முன்னதில் பழி ஏற்க எவரும் இல்லை. பின்னதில் ஒருவன் நிற்கிறான். மெல்லினம் வல்லினமாகும் அந்த நொடியில் விபத்து கொலையாகிவிடுகிறது. ஆல்ப்ஸ் மலைச்சாரலில் பிறந்து உலகெங்கும் பரவிய மலையேற்றச் சாகசத் திரைப்படங்கள், ஏறத்தாழ நூறாண்டுகளாக இந்தத் தொலைவை அளந்து பார்த்துக்கொண்டே இருக்கின்றன. பனிச்சரிவு, துப்பாக்கி, ஹெலிகாப்டர் ஆகிய யாவும் அவற்றில் உண்டு. எனினும் பார்வையாளனை இருக்கையின் விளிம்புக்கு நகர்த்துவது இரண்டு உடல்களைப் பிணைத்திருக்கும் ஒரு கயிறுதான்.

கதையின் வேர் திரைப்படக் கலைக்கும் முந்தியது. 1865 ஜூலை 14ஆம் நாள், 4,478 மீட்டர் உயரமுள்ள மேட்டர்ஹார்ன் சிகரத்தை எட்வர்டு விம்ப்பர் என்னும் ஆங்கிலேயரும் அவர்தம் துணைவர் அறுவரும் முதன்முதலாக எட்டினர். இறங்கும்போது இளைஞர் ஹேடோ கால் வழுக்கி, முன்னே சென்ற வழிகாட்டி குரோஸின்மீது விழுந்தார். அவ்விருவரும் தமக்கு மேலிருந்த ஹட்சனையும் பிரான்சிஸ் டக்ளஸ் பிரபுவையும் இழுத்தனர். டக்ளஸுக்கும் மூத்த வழிகாட்டி பீட்டர் டவுக்வால்டருக்கும் இடையே கயிறு அறுந்தது. நால்வர் மாண்டனர், மூவர் மீண்டனர். செர்மாட் ஊரில் நடந்த விசாரணை எவர்மீதும் குற்றம் காணவில்லை. ஆயினும் தம்மைக் காத்துக்கொள்ள டவுக்வால்டரே கயிற்றை அறுத்தார் என்னும் ஊர்வாய் அடங்கவில்லை. அப்பழி அம்மனிதரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. கொண்டு சென்ற கயிறுகளில் மிக நலிந்த ஒன்று அவ்விடத்தில் கட்டப்பட்டிருந்தது என்பதே வரலாறு. வரலாறு அளித்த விடை எளிது. வதந்தி எழுப்பிய வினாவோ நெடிது. பின்னாளில் திரைப்படம் பற்றிக்கொண்டது வினாவையே.

அதற்கு வழி சமைத்தவர் அர்னால்டு ஃபாங்க். மண்ணியலில் முனைவர் பட்டம் பெற்ற இந்த ஜெர்மானியர், 1920ஆம் ஆண்டு ஃபிரைபுர்க் நகரில் மலைப்படங்களுக்கெனவே ஒரு நிறுவனம் தொடங்கினார். அரங்கத்துள் அட்டையாலும் சாந்தாலும் மலை சமைக்கும் வழக்கத்தை விடுத்து, நடிகரையும் ஒளிப்பதிவாளரையும் மெய்யான பனிமலைக்கே இட்டுச் சென்றார். 1926இல் வெளிவந்த 'புனித மலை' என்னும் அவருடைய பேசாப்படத்தில் நண்பர் இருவர் ஒரு பெண்ணை விரும்புகின்றனர். அவள் மனம் கவர்ந்தவன் தன் நண்பனே என்பதைக் கார்ல் மலைமுகட்டில் அறிகிறான். அவன் சினத்தோடு நெருங்க, பின்வாங்கிய இளையவன் விளிம்பு தவறிக் கயிற்றில் தொங்குகிறான். கயிற்றை விட்டால் கார்ல் பிழைக்கலாம். அவன் விடவில்லை. இரவெல்லாம் பனிக்காற்றில் பற்றி நின்று, விடியலில் நண்பனோடு தானும் பாதாளத்தில் அடியெடுத்து வைக்கிறான். பகையால் தள்ளப்பட இருந்தவனை நட்பால் தாங்கும் அந்த நீண்ட இரவே பின்வந்த மலைப்படங்கள் பலவற்றுக்கும் மூலக்காட்சி எனலாம்.

அப்படத்தில் கார்லாக நடித்த லூயிஸ் டிரெங்கர், 1938இல் 'மலை அழைக்கிறது' என்னும் படத்தைத் தாமே இயக்கினார். கதை மேட்டர்ஹார்ன் விபத்துதான். ஆனால் திரையில் பழி விம்ப்பர்மேல் விழுகிறது. அவருடைய போட்டியாளரான இத்தாலிய வழிகாட்டி கரெல் மீண்டும் மலையேறி, கயிற்றின் முனையைத் தேடிக் கொணர்கிறார். அது வெட்டுண்ட முனையன்று, நைந்த முனை என்று ஊரார்முன் மெய்ப்பிக்கிறார். வரலாற்றில் அவ்வாறு எதுவும் நிகழவில்லை. நீதிமன்றம் தந்த விடுதலை மக்கள் மனத்துக்குப் போதாதபோது, மலையே வந்து சான்று பகர வேண்டும் என்னும் ஏக்கத்தைத் திரை நிறைவேற்றியது.

இந்த ஈர்ப்புக்கு ஓர் இருண்ட முகமும் உண்டு. 'புனித மலை'யில் நாயகியாக அறிமுகமான லெனி ரீஃபென்ஷ்டால், 1935இல் நாஜிக் கட்சியின் மாநாட்டைப் போற்றும் 'உறுதியின் வெற்றி' படத்தை இயக்கினார். ஃபாங்கின் ஒளிப்பதிவாளர் செப் அல்கையர் அதன் தலைமை ஒளிப்பதிவாளரானார். மேகங்களுக்கு மேலே நிற்கும் வீரனை வழிபடும் மனம், அதே வழிபாட்டோடு தலைவனையும் நோக்கும் என்பதை சீக்பிரீட் கிராகாவர் 1947இல் வெளியிட்ட ஜெர்மன் திரைப்பட வரலாற்று நூலில் சுட்டிக்காட்டினார். உயரத்தின்மேல் கொள்ளும் காதல் எளிதில் கீழிருப்போர்மேல் கொள்ளும் இகழ்ச்சியாகிவிடும். அவ்விகழ்ச்சிக்கு மாற்று மருந்தும் மலைப்படத்துக்குள்ளேயே இருக்கிறது, அது கயிறு. மேலே நிற்பவனைக் கீழே தொங்குபவனுக்குக் கடன்பட்டவனாக்குவது அதுவே.

1936 ஜூலையில் அய்கர் மலையின் வடமுகத்தில் நால்வர் சிக்கினர். மூவர் மாண்டபின் டோனி கூர்ட்ஸ் மட்டும் உயிரோடு தொங்கினார். மலைக்குள் செல்லும் சுரங்க இருப்புப்பாதையிலிருந்து மீட்பர் வெளிவந்தனர். உறைந்த கையோடு கூர்ட்ஸ் ஒரு கயிற்றின் புரிகளைப் பிரித்து, இழையாக முடிந்து கீழே விட்டார். அதன்வழி மேலேற்றிய கயிறு நீளம் போதாமையால் இரு கயிறுகளை முடிச்சிட்டு இணைத்திருந்தனர். கொக்கி வளையத்துள் அந்த முடிச்சு நுழையவில்லை. மீட்பருக்குச் சில மீட்டர் மேலே அவர் உயிர் பிரிந்தது. பிலிப் ஷ்டோல்சல் 2008இல் எடுத்த 'வடமுகம்' படம் இதனைச் சொல்லும்போது, வீரரைத் தேசப் பெருமைக்குப் பலியிட விழையும் நாஜிப் பரப்புரையையும் உடன் காட்டி, பழைய மலைப்படத்துக்கு விடையிறுத்தது.

அய்கர் மலையிலேயே கிளின்ட் ஈஸ்ட்வுட் 1975இல் வெளிவந்த 'தி அய்கர் சாங்ஷன்' படத்தை இயக்கி நடித்தார். படப்பிடிப்பின்போது பாறை விழுந்து டேவிட் நோல்ஸ் என்னும் இளம் மலையேற்ற வீரர் இறந்தார். கதைநாயகன் ஓர் ஒற்றன். குழுவில் எவனோ ஒருவனைக் கொல்ல வந்தவன். இறுதியில் அவன் அந்தச் சுரங்கச் சாளரத்துக்கு வெளியே தொங்குகிறான். தான் தேடி வந்த எதிரி தன் பழைய நண்பனே என்று அப்போது அறிகிறான். நண்பன் வேறொரு கயிற்றை வீசுகிறான். அதனை நம்பி, தன்னைத் தாங்கும் கயிற்றைத் தானே அறுத்தாக வேண்டும். அறுக்கிறான், மீட்கப்படுகிறான். கூர்ட்ஸுக்கு வரலாறு மறுத்த மீட்சியைத் திரை வழங்கிய இடம் இது. இங்கே அறுத்தல் துரோகமாகாமல் நம்பிக்கையின் செயலாகிறது.

ஹாலிவுட் இப்பிணைப்பைப் பெருவணிகமாக்கியது. 'கிளிஃப்ஹேங்கர்' என்னும் சொல்லே, முகட்டில் தொங்குபவனையும் தொடர்கதையில் 'தொடரும்' போடும் இடத்தையும் ஒருசேரக் குறிப்பது. 1993இல் அப்பெயரில் வந்த படத்துக்காக, சுமார் 15,000 அடி உயரத்தில் ஒரு விமானத்திலிருந்து மற்றொன்றுக்குக் கம்பிவழி கடக்கச் சைமன் கிரேன் என்னும் சாகச வீரருக்கு 10 இலட்சம் டாலர் அளிக்கப்பட்டது. எனினும் படம் கண்டவர் மனத்தில் நிலைத்தது தொடக்கக் காட்சியே. உடலைத் தாங்கும் வாரின் கொக்கி முறிந்து தொங்கும் பெண்ணை நாயகன் பற்றுகிறான். கையுறை கழன்று அவள் விழுகிறாள். 2000இல் வந்த 'வெர்ட்டிகல் லிமிட்' இன்னும் கூர்மையானது. தானும் மகனும் மகளும் ஒரே கயிற்றில் தொங்கும்போது, தன்னை அறுத்துவிடும்படி தந்தை மகனிடம் ஆணையிடுகிறார். மகள் கதறுகிறாள். மகன் அறுக்கிறான். பின்னர் கே2 மலையில் வெடிமருந்து சுமந்து ஓடும் நம்பவியலாத கதையெல்லாம் அந்த ஒரு வெட்டுக்குத் தேடும் கழுவாயே.

கற்பனை கண்ட இக்காட்சி வாழ்விலும் நிகழ்ந்தது. 1985இல் பெரு நாட்டின் 6,344 மீட்டர் உயரமுள்ள சியுலா கிராண்டே சிகரத்திலிருந்து இறங்கும்போது ஜோ சிம்ப்சனின் கால் முறிந்தது. சைமன் யேட்ஸ் அவரைக் கயிற்றால் சிறிது சிறிதாக இறக்கினார். இருளிலும் புயலிலும் சிம்ப்சன் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கினார். ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டவில்லை. பிடிமானமின்றித் தாமும் சரியத் தொடங்கிய யேட்ஸ் கயிற்றை அறுத்தார். பனிப்பிளவில் வீழ்ந்த சிம்ப்சன் சாகவில்லை. பல நாள் தவழ்ந்து பாசறையை அடைந்தார். கெவின் மெக்டொனால்டு 2003இல் இதனை 'டச்சிங் தி வாய்டு' என்னும் படமாக்கினார். அதில் இருவரும் நேரில் தோன்றிப் பேசுகின்றனர். பிழைத்தனர் என்பது முதற்காட்சியிலேயே தெரிந்தும் நெஞ்சு பதைக்கிறது. பிழைப்பாரா என்னும் ஐயம் நீங்கியபின் எஞ்சுவது, மன்னிப்பாரா என்பதே. சிம்ப்சன் மன்னித்தலுக்கும் மேலே சென்றார்: யேட்ஸ் செய்தது சரியே என்று தொடர்ந்து எடுத்துரைத்து வந்தார்.

மேட்டர்ஹார்னில் அறுந்த கயிற்றுக்கு ஒருவர் பழி சுமந்தார்; சியுலா கிராண்டேயில் அறுத்த கயிற்றுக்குப் பழியே இல்லை என்று வீழ்ந்தவரே கூறினார். இலக்கணம் வகுத்த எல்லையை வாழ்க்கை இவ்வாறு இருபுறமும் கடந்துவிட்டது. டவுக்வால்டருக்காகப் பேச, வீழ்ந்த நால்வருள் எவரும் மீளவில்லை. செர்மாட் அருங்காட்சியகத்தில் அக்கயிற்றின் துண்டு இன்றும் காட்சிக்கு இருக்கிறது. அதன் முனை நைந்துதான் கிடக்கிறது.