பிரெஞ்சு நாவலில் ஆசிரியரும் வாசகரும்

நாவல் என்பது ஆசிரியர் ஒருவர் சொல்ல, வாசகர் பலர் கேட்கும் கதை என்பது பொதுவான எண்ணம். ஆனால், சொல்பவருக்கும் கேட்பவருக்கும் உள்ள உறவு என்றும் ஒரே நிலையில் இருந்ததில்லை. கதைமாந்தரின் நன்மை தீமைகளைச் சீர்தூக்கித் தீர்ப்புக் கூற வேண்டியவர் யார்? இவ்வினாவுக்குக் காலந்தோறும் எழுந்த விடைகளைப் பிரெஞ்சு நாவலின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

வழிகாட்டிய ஆசிரியர்

1761-ஆம் ஆண்டில் வெளிவந்த ரூசோவின் 'ஜூலி' கடிதங்களால் ஆகிய நாவல். ரூசோ தம்மைக் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டவர் என்றே தலைப்பேட்டில் குறித்தார். படித்து உருகியவர்கள், ஜூலி மெய்யாகவே வாழ்ந்தவளா என்று கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினர்.

பால்சாக்கின் வழி வேறு. 1835-ல் நூலாக வந்த 'கோரியோ கிழவர்' என்னும் நாவலின் தொடக்கத்திலேயே அவர் வாசகரை நேரே விளித்து, இது வெறுங்கதையன்று என்கிறார். தெரு எத்தகையது, விடுதி எத்தகையது, மனிதர் எத்தகையவர் என்பவற்றையெல்லாம் அவரே விளக்கிவிடுகிறார். வாசகர் பின்தொடர்ந்து சென்றால் போதும்.

நீதிமன்றம் ஏறிய நாவல்

இந்நிலையை மாற்றியவர் பிளாபேர். படைப்பில் ஆசிரியர் எங்கும் நிறைந்திருக்க வேண்டும். ஆயினும், உலகில் இறைவனைப் போல, எங்கும் கண்ணுக்குப் புலனாகாதிருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நாட்டுப்புற வைத்தியர் ஒருவரின் மனைவி, இல்வாழ்வில் மனம் பொருந்தாது பிற ஆடவரை நாடிக் கடனில் மூழ்கி நஞ்சுண்டு மாய்வதை அவருடைய 'மதாம் பொவாரி' கூறுகிறது. ஆசிரியர் அவளைப் புகழவுமில்லை; இகழவுமில்லை.

1856-ல் இதழொன்றில் தொடராக வந்த இக்கதைக்காக, பொது ஒழுக்கத்துக்கும் சமயத்துக்கும் ஊறு செய்தார் என்று அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1857 ஜனவரியில் வழக்கு விசாரணைக்கு வந்தது. அரசு வழக்கறிஞர் எர்னெஸ்ட் பினாரின் வாதம் கூர்ந்து நோக்கத்தக்கது. இப்பெண்ணைக் கண்டிக்கத் தக்கவர் நூலுள் ஒருவரேனும் உண்டா என்று அவர் கேட்டார். கணவன் அவளை மன்னித்துவிடுகிறான். ஊராருக்கு அத்தகுதி இல்லை. ஆசிரியரோ வாய் திறக்கவில்லை. இத்தகைய நூல் இளம்பெண்கள் கையில் கிடைத்தால் என்னாகும் என்பது அவர் அச்சம். தீர்ப்பை வாசகரிடம் விட்டதே அவர் கண்ணில் குற்றமாயிற்று.

எதிர்வழக்காடியவர், தீமையின் கொடிய முடிவைக் காட்டும் நூல் தீமையை வெறுக்கவே செய்யும் என்றார். பிப்ரவரி 7-ஆம் நாள் நீதிமன்றம் நூலின் சில பகுதிகளைக் கண்டித்தபோதிலும், ஆசிரியரை விடுதலை செய்தது.

உழைக்கும் வாசகர்

இருபதாம் நூற்றாண்டில் இவ்வினா மேலும் கூர்மையடைந்தது. தம் மாந்தரின் உள்ளத்தையெல்லாம் இறைவனைப் போல் அறிந்து தீர்ப்புரைக்கிறார் என்று, மொரியாக்கின் நாவல்களைச் சார்த்தர் 1939-ல் கடிந்தார். வாசகரின் உரிமையுள்ள முயற்சியாலன்றி எந்நூலும் முழுமை பெறாது என்று 1947-ல் எழுதினார். கதைமாந்தரை ஆசிரியரும் நம்பவில்லை, வாசகரும் நம்பவில்லை என்று, 'ஐயத்தின் காலம்' என்னும் தம் நூலில் நத்தாலி சரோத் 1956-ல் காட்டினார்.

அடுத்த ஆண்டிலேயே இரு நாவல்கள் தோன்றின. மிஷேல் புய்த்தோரின் 'மாற்றம்', பாரிசிலிருந்து உரோமுக்கு இரயிலில் செல்பவனை 'நீங்கள்' என்றே நெடுகிலும் விளித்து, வாசகரை அவன் இருக்கையில் அமர்த்துகிறது. ரோப்-கிரியேயின் 'பொறாமை' வாழைத் தோட்ட வீடொன்றில் நிகழ்வது. கதை சொல்பவன் 'நான்' என்று ஒருமுறைகூடச் சொல்வதில்லை. மேசைத் தட்டுகளையும் நாற்காலிகளையும் எண்ணிப் பார்த்தே, அங்கே இன்னும் ஒருவன் இருந்து நோக்குவதை வாசகர் உணர வேண்டும்.

பின்னர் ஆசிரியர் தம் வாழ்வையே பொருளாகக் கொண்டு திரும்பினார். உழைப்பாளியாக இருந்து சிறு கடைக்காரரான தம் தந்தையைப் பற்றி ஆனி எர்னோ 1983-ல் எழுதிய நூலில் அலங்காரமும் இல்லை, ஒப்பாரியும் இல்லை. 2008-ல் வந்த 'ஆண்டுகள்' தன்வரலாறே ஆயினும், அதில் 'நான்' இல்லை. 'அவள்', 'நாம்' என்று செல்லும் நடையில் ஒரு தலைமுறையே தன்னைக் காண்கிறது. 2022-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வாசகர் தவறாகத் தீர்ப்பளிக்கக் கூடும் என்ற பினாரின் அச்சத்தை அடிப்படையற்றது என்று தள்ளிவிட முடியாது. ஆயினும், பிழைபட வாய்ப்பே இல்லாதவர் ஆராய்ந்து அறியவும் மாட்டார். ஆசிரியர் வாய்மூடி நின்றது வாசகரைக் கைவிட்டதாகாது. அவருடைய அறிவை மதித்ததேயாகும். அம்மதிப்புக்கு ஈடாக வாசகர் தர வேண்டியது, விரைந்து முடிவு கூறாமல் நூலைக் கடைசிவரை கருத்தூன்றிப் படிக்கும் பொறுமையே.