தொக்கணம்: கையின் ஒன்பது வினைகள்

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டுக் காலத்தில், பொழுது சாய்ந்ததும் திண்ணையில் கேட்கும் குரல் இது: "செத்த கால புடிச்சி வுடு, கண்ணு." பேரனோ பேத்தியோ உட்கார்ந்து கெண்டைக்காலை அமுக்கத் தொடங்குவார்கள். அந்த வலிக்கு ஊரார் வைத்திருக்கும் பெயர்களையும் கேளுங்கள்: இடுப்புப் பிடிப்பு, கழுத்துப் பிடிப்பு, வாயுப் பிடிப்பு. நோய்க்குப் பெயர் பிடிப்பு. அதற்கான வைத்தியத்துக்குப் பெயர் பிடித்துவிடுதல். தசையை நோய் பிடித்திருக்கிறது, அதைக் கை பிடித்து விடுவிக்கிறது. ஒரே வேர் நோயாகவும் மருந்தாகவும் நிற்கும் சொற்கள் மொழியில் அரிது.

இதே 'பிடி' என்ற வினையைக் கொண்டு ஒரு மருத்துவத்துக்கே பெயர் வைத்தவர்கள் சீனர்கள். அவர்களுடைய கைவைத்தியத்தின் பெயர் 'துய்னா'. 'துய்' என்றால் தள்ளு. 'னா' என்றால் பிடி. இதற்கு முன்பு வழங்கிய பழைய பெயர் 'அன்மோ'. 'அன்' என்பது அழுத்து, 'மோ' என்பது தேய். அந்தச் சொல்தான் ஜப்பானுக்குப் போய் 'அன்மா' ஆயிற்று. தாங் அரச காலத்திலேயே, அதாவது 7ஆம் நூற்றாண்டிலேயே, அரண்மனை மருத்துவத் துறையில் அன்மோவுக்குத் தனிப் பிரிவு இருந்தது. அதில் ஆசிரியர்கள் இருந்தார்கள், மாணவர்கள் இருந்தார்கள். கையால் செய்யும் வேலையைப் பாடமாக வைத்து, கற்பிப்பவருக்கு அரசு பதவியும் கொடுத்தது. 'துய்னா' என்ற புதுச்சொல் மிங் காலத்தில், 1600ஐ ஒட்டி எழுந்த குழந்தை மருத்துவ நூல்களில் தலைகாட்டி, பிறகு எல்லா வயதினருக்குமான கலையின் பெயராயிற்று.

குழந்தை மருத்துவம் என்றதும் நம் வீட்டுப் பாட்டிகள் நினைவுக்கு வருகிறார்கள். பச்சைக்குழந்தைக்கு 'உரம் விழுந்தது' என்றால் புடவையில் போட்டு மெல்ல உருட்டி 'உரம் எடுப்பார்கள்'. 'குடல் தட்டுதல்' என்று ஒரு கைமுறை உண்டு. நீட்டிய கால்களில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது மூக்கை நீவிவிடுவார்கள். எடுத்தல், தட்டல், நீவல், உருட்டல் என்று எல்லாமே வினைச்சொற்கள். சீனத்தில் இவை நூல் ஏறின. நம் ஊரில் பாட்டியின் மடியோடு நின்றன.

ஆனால் தமிழிலும் இவற்றைத் தொகுத்துப் பெயரிட்டவர்கள் இருந்தார்கள். சித்த மருத்துவம் புறமருந்துகளை 32 என வகுக்கிறது. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது என்று நீளும் அந்த வரிசையில் ஒன்று தொக்கணம். அதற்குள் ஒன்பது முறைகள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். இந்தப் பட்டியலைப் படிக்க அகராதி வேண்டியதில்லை. கழனியில் இறங்கும் எவருக்கும் தெரிந்த சொற்கள். இவற்றின் பக்கத்தில் துய்னா மாணவர் கற்கும் கைமுறைகளை வைத்துப் பாருங்கள். அவர்கள் 'பாய்' என்பது நம் தட்டல். 'அன்' நம் அழுத்தல். 'னா' நம் பிடித்தல். 'பாஷென்' நம் இழுத்தல். 'யாவ்' நம் அசைத்தல். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. மனித உடம்பு ஒன்று, மனிதக் கை ஒன்று. கவனமாகத் தொட்டவர்கள் ஒரே வினைகளைக் கண்டெடுத்தார்கள். வேறுபாடுகளும் உண்டு. துய்னாவைப் பெரும்பாலும் துணியின் மேலேயே செய்வார்கள். தொக்கணத்துக்கு எண்ணெய் உயிர். உளுந்துத் தைலம், வாதகேசரித் தைலம் போன்றவை வாத நோய்களுக்கு உதவுபவை.

'தொக்கணம்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? அதை 'தொக்கு' என்பதோடு சேர்த்துப் பார்ப்பதே பொருந்தும் என்பது என் கருத்து. தொக்கு என்றால் தோல். வடமொழி 'த்வக்' தமிழில் அப்படித் திரிந்தது. இன்று தொக்கு என்றால் ஊறுகாய் ஜாடிதான் நினைவுக்கு வரும். அது வேறு சொல். தோலைக் குறிக்கும் தொக்கு இன்னும் உயிரோடிருக்கும் இடம் சைவ சித்தாந்தம். அதன் 36 தத்துவங்களில் அறிபொறிகள் ஐந்து: சோத்திரம், தொக்கு, சட்சு, சிங்குவை, ஆக்கிராணம். காது, தோல், கண், நாக்கு, மூக்கு. இந்தச் சித்தாந்தத்துக்குச் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களால் அடித்தளம் இட்ட மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து பாடம் சொன்ன ஊர், இதே திருவெண்ணெய்நல்லூர்.

மெய்கண்டார் என்ற பெயரிலேயே நம் கட்டுரைக்கான சொல் இருக்கிறது. மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பும்கூட. ஐம்பொறிகளைத் தமிழில் எண்ணும்போது தொடு உணர்வின் பொறிக்கு மெய் என்றே பெயர். தொல்காப்பியம் உயிர்களை அறிவின் வரிசையில் அடுக்கும்போது முதல் அறிவாக வைப்பது தொட்டு அறிவதை. பார்வையும் கேள்வியும் பின்னால் வருபவை. சைவம் சொல்லும் தீட்சை வகைகளில் பரிச தீட்சை என்று ஒன்று உண்டு: குரு கையால் தொட்டு ஞானம் தருவது. தொடுவது ஓர் அறிவு என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லிவைத்த மரபு நம்முடையது.

அப்படியிருக்க, இன்று கடைப்பலகையில் நாம் எழுதுவது 'மசாஜ்'. இந்தச் சொல்லின் பயணமும் நம் வாசலை உரசிப் போனதுதான். பிரெஞ்சில் 'மாஸே' என்ற வினைக்கு அகராதிகள் காட்டும் பழைய சான்று, லெ ஜாந்தி என்ற வானியல் அறிஞர் இந்தியக் கடற்பயணம் பற்றி 1779இல் வெளியிட்ட நூல். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க அவர் புதுச்சேரிக்கு வந்தார். 1761இல் ஊர் ஆங்கிலேயர் கையில் இருந்ததால் கரையிறங்க முடியாமல் போயிற்று; எட்டு ஆண்டு காத்திருந்து 1769 ஜூனில் பார்க்க நின்றபோது மேகம் மறைத்தது. புதுச்சேரியில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, தமிழர் வானியல் கணக்கையும் கற்றுக்கொண்டு போனவர் அவர். 'மாஸே'யின் வேர் தொடுதலைக் குறிக்கும் அரபுச் சொல் 'மஸ்ஸ' என்பார் ஒரு சாரார். இந்தியாவில் பிரெஞ்சுக்காரர் காதில் விழுந்த போர்ச்சுகீசிய 'அமஸ்ஸார்', அதாவது மாவு பிசைதல், என்பார் இன்னொரு சாரார். எப்படியானாலும், கீழைநாட்டுக் கைகளின் வேலையைப் பார்த்த ஐரோப்பியர் அதற்கு ஒரு பெயர் தேடினார்கள். அந்தப் பெயரை நாம் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

'ஷாம்பு'வின் கதையும் இப்படித்தான். இந்தியில் 'சாம்ப்னா' என்றால் அமுக்குதல். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஷாம்பு என்றால் உடம்பு பிடித்தல் என்றே பொருள். பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது இங்கிலாந்தின் பிரைட்டனில் ஆவிக் குளியலோடு அதைச் செய்து புகழ்பெற்றார். 1822இல் அதுபற்றி நூலும் எழுதினார். பின்னர் உடம்பு போய்த் தலைமுடி மட்டும் பொருளில் மிஞ்சியது. நம் பக்கத்துக் கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன் அதைச் சிறு பாக்கெட்டில் அடைத்தார். அவர் மகன் 1983இல் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு கிராமந்தோறும் சேர்ந்தது. அமுக்கும் கை அந்தச் சொல்லிலிருந்து முழுவதும் மறைந்துவிட்டது.

தமிழில் நடந்தது இதைவிட வருத்தமானது. வருடுதல் என்பது மெல்லத் தடவுதல். திருமாலின் அடி வருடும் திருமகள் என்று பக்தியோடு சொன்ன வாயே இன்று 'அடிவருடி' என்று ஏசுகிறது. 'காலைப் பிடித்தல்' கெஞ்சுதல் ஆயிற்று. 'காக்காய் பிடித்தல்' என்பதுகூட 'கால் கை பிடித்தல்' சிதைந்து வந்தது என்று சொல்வதுண்டு. சேவை செய்த கையை நாம் மதிக்கவில்லை, அதனால் அந்தக் கையின் சொற்கள் வசைகளாயின. முடிதிருத்தும் சமூகத்தாருக்கு 'மருத்துவர்' என்றே பெயர். அவர்கள் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகள். தலையைத் தட்டி, நெட்டி எடுத்து, சுளுக்கு வழித்து, பிரசவம் பார்த்த அறிவு அவர்கள் கையில் இருந்தது. சாதியின் பெயரால் அவர்களைத் தள்ளி நிறுத்தியபோது அந்த அறிவையும் சேர்த்தே தள்ளினோம்.

சீனர்கள் என்ன செய்தார்கள்? 1950களில் ஷாங்காயில் துய்னாவுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். அங்கே மாணவர் முதலில் தொடுவது மனித உடம்பை அல்ல, அரிசியோ மணலோ நிரப்பிய ஒரு பையை. புறங்கையை உருட்டும் முறையை நிமிடத்துக்கு 120 முதல் 160 தடவை, தாளம் தவறாமல் செய்யப் பழக வேண்டும். கைக்கு நான்கு குணங்கள் வேண்டும் என்பது அவர்கள் பாடம்: நீடித்து நிற்றல், வலு, சீர், மென்மை. நான்கும் கூடினால்தான் அழுத்தம் தோலைக் கடந்து ஆழத்தில் இறங்கும். வலு மட்டும் உள்ள கை நோயாளியை நோகடிக்கும். பிசகிய எலும்பையும் உள்காயத்தையும் அறியாத கை ஆபத்து விளைவிக்கும்.

நம்மிடமும் வாசல் அடைபட்டுவிடவில்லை. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பில் புறமருத்துவமும் வர்மமும் பாடங்கள். குமரி நாட்டு வர்ம ஆசான்களின் 'தடவுமுறை' இன்றும் உயிரோடிருக்கிறது. அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளில் தொக்கணம் என்ற சொல்லைச் சொல்லிக் கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். கைவைத்தியம் செய்துகொள்ளப் போனால், கற்ற கையா என்று கேட்டுவிட்டுப் படுங்கள். வைத்தியம் செய்பவராக இருந்தால், உங்கள் பலகையில் 'தொக்கணம்' என்று எழுதுங்கள். வீட்டில் யாராவது பேரப்பிள்ளையை அழைத்துக் காலைப் பிடித்துவிடச் சொன்னால், அந்தப் பிள்ளைக்கு ஒன்பது வினைகளையும் பெயர் சொல்லிக் கற்றுக்கொடுங்கள்.