உஹ்ரோவெட்ஸ்: இருவர் பிறந்த இல்லம்

ஸ்லோவாக்கியா நாட்டின் மேற்கே, ஸ்ட்ராஜோவ் மலைகளின் அடிவாரத்தில், ராதிஷா என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்த ஊர் உஹ்ரோவெட்ஸ். மக்கள் தொகை ஏறத்தாழ 1,500. அருகிலுள்ள மலைமுகட்டில் 13ஆம் நூற்றாண்டுக் கோட்டையொன்று சிதைந்து நிற்கிறது. ஊருக்குள் ஜாய் குடிப் பிரபுக்களின் மாளிகை உள்ளது. எனினும் இவ்வூருக்குப் பெருமை சேர்த்தது, பள்ளி ஆசிரியர் குடியிருந்த எளிய வீடொன்றே ஆகும்.

லுத்தரன் பள்ளி ஆசிரியர் சாமுவேல் ஷ்டூரின் மகனாக, 1815 அக்டோபரில் அவ்வீட்டில் பிறந்தவர் லூதொவீத் ஷ்டூர். கவிஞர்; இதழாளர்; இக்கால ஸ்லோவாக் எழுத்துமொழிக்கு அடித்தளம் இட்டவர். அன்று அந்நிலம் ஹங்கேரி அரசுக்கு உட்பட்டிருந்தது. லுத்தரன் சமயத்தார் ஏட்டில் செக் மொழியைக் கையாண்டனர். கத்தோலிக்கரோ, மேற்கு வட்டார வழக்கைத் தழுவி 1787இல் பெர்னோலாக் வகுத்த எழுத்துமொழியைப் போற்றினர். பேச்சால் ஒன்றுபட்ட மக்கள் எழுத்தால் பிரிந்திருந்தனர். இந்நிலையில், 1840இல் ஹங்கேரி லுத்தரன் திருச்சபையின் தலைமைக் கண்காணிப்பாளரான காரொய் ஜாய், ஹங்கேரிய மொழியே மேலோங்க வேண்டுமென வலியுறுத்தினார். அவர் உஹ்ரோவெட்ஸ் மாளிகைக்குரிய குடியில் வந்தவர் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

1843 ஜூலையில் ஹ்ல்போகே என்னும் சிற்றூரில் ஷ்டூர், ஹூர்பன், ஹோஜா ஆகிய மூவரும் கூடி, நடுப் பகுதி மக்களின் வழக்கையே எழுத்துமொழிக்கு அடிப்படையாகக் கொள்ளத் துணிந்தனர். 1845இல் அம்மொழியில் செய்தித்தாளும், 1846இல் அதன் இலக்கண நூலும் ஷ்டூரின் முயற்சியால் வெளிவந்தன. மேற்கே பிறந்த அவர் தம் ஊர்ப் பேச்சை அரியணை ஏற்ற முனையவில்லை. பலரும் தமதென ஏற்கத்தக்க வழக்கையே தேர்ந்தார். 1851இல் இரு சமயத்து அறிஞரும் உடன்பட்டுச் சில திருத்தங்களுடன் அம்மொழியை ஏற்றமைக்கு இப்பெருந்தன்மையும் ஒரு காரணம் எனலாம்.

அதே வீட்டில் 1921 நவம்பர் 27ஆம் நாள் பிறந்தவர் அலெக்சாண்டர் டூப்செக். 1968 ஜனவரியில் செக்கோஸ்லோவாக்கியப் பொதுவுடைமைக் கட்சியின் தலைமையை ஏற்ற அவர் காலத்தில், எழுத்துக்கு விதிக்கப்பட்ட தணிக்கை நீங்கியது. அவ்வுரிமை நீடிக்கவில்லை, ஆகஸ்டில் சோவியத் ஒன்றியமும் அதன் நேச நாடுகளும் அனுப்பிய படைகள் நாட்டினுள் புகுந்தன. 1993 ஜனவரி 1ஆம் நாள் ஸ்லோவாக்கியா தனிநாடானது. அதனைக் காணாமலே 1992 நவம்பரில் டூப்செக் மறைந்தார்.

அவ்வீடு இன்று இருவர்க்கும் உரிய நினைவகமாக விளங்குகிறது. மக்கள் பேச்சை எழுத்துக்கு உயர்த்தினார் ஒருவர்; எழுதுவோர் அஞ்சாது எழுத வழி திறந்தார் மற்றவர். இவ்விரண்டும் ஒருசேர வாய்த்தாலன்றி இலக்கியம் செழிக்காது என்பதைக் கவிஞர்கள் நன்கறிவர்.