கோட்டைக் காவலும் ஏட்டுக் காவலும்

மட்டக்களப்பு வாவியிலுள்ள புளியந்தீவிற் போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டிற் கட்டிய கோட்டை இன்றும் நிற்கின்றது. இரு புறத்தே வாவியும் ஏனை இரு புறத்தே அகழியும் சூழ, நான்கு கொத்தளங்கள் காவல் செய்ய, அது அமைந்துள்ளது. கோட்டை என்றவுடன் மதிலும் பீரங்கியுமே காண்போர் கருத்திற்கு வரும். ஆயின் மதிலின் வலிமை ஒன்றனால் மட்டும் காவல் நிறைவெய்துவதில்லை. எவர் புகுந்தார், எவர் தடுக்கப்பட்டார் என்னும் குறிப்பும், அக்குறிப்புப் பழுதின்றி உரியவர் கையைச் சேரும் வழியும் அமைந்தாலன்றிக் காவலின் பயன் முற்றுப்பெறாது. எழுத்தைக் காவாது கோட்டையைக் காத்தோர் எய்தும் இழப்பு யாது என்பதற்கு இக்கோட்டையின் வரலாறே சான்றாகும்.

1638ஆம் ஆண்டு மே மாதம் 18ஆந் திகதி, அடம் வெஸ்டர்வோல்ட் என்னும் தளபதியின் தலைமையில் வந்த ஒல்லாந்தர் இக்கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். இலங்கையில் ஒல்லாந்தர் வென்ற முதற் கோட்டை இதுவே. ஐந்து நாள் கழித்து, மே 23ஆந் திகதி, கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனுக்கும் அவர்களுக்கும் இடையே உடன்படிக்கை ஒன்று மட்டக்களப்பிற் கைச்சாத்தாயிற்று. கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்குவது பற்றி அதன் மூன்றாம் பிரிவு கூறிற்று. அரசனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் படியில், அரசன் விரும்பினால் மாத்திரமே அப்படை தங்கலாம் என்னும் பொருள்படும் தொடர் இருந்தது. ஒல்லாந்த மொழிப் படியிலோ அத்தொடர் இல்லை.

ஒரு சிறு தொடரின் குறைவால் விளைந்த கேடு பெரிது. 1640இல் நீர்கொழும்பும் காலியும் வீழ்ந்தபோது, அவற்றைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு அரசன் கேட்டான். போர்ச் செலவு தீரும்வரை கோட்டைகள் தம்மிடமே இருக்குமென ஒல்லாந்தர் மறுத்தனர். இதுபற்றிப் பேசக் கண்டி சென்ற கொஸ்டர் என்னும் தளபதி அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் திரும்பும் வழியிற் கொல்லப்பட்டான். இஞ்சியைக் கொடுத்து மிளகாயைப் பெற்றது போல என்று சிங்கள மக்கள் இந்நிகழ்ச்சியைக் குறித்துக் கூறுவர். அரசனின் படியையும் ஒல்லாந்தரின் படியையும் அன்றே அருகருகே வைத்து ஒப்பு நோக்கியிருந்தால், வேறுபாடு கைச்சாத்திடும் முன்னரே வெளிப்பட்டிருக்கும். ஈண்டு ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஏட்டைக் கொண்டுசென்ற கப்பலை எவரும் வழிமறிக்கவில்லை. வழி பாதுகாப்பாகவே இருந்தது. பிழை நேர்ந்தது படியெடுத்த இடத்தில்.

எழுத்தின் அருமையை ஒல்லாந்தர் நன்கு அறிந்திருந்தனர் என்பதும் உண்மையே. பதவி நீங்கும் அதிகாரி தமக்குப் பின் வருவோர்க்கு நினைவுக் குறிப்பு ஒன்று எழுதி வைத்தல் அவர்தம் வழக்கம். மட்டக்களப்பில் தலைமை அதிகாரியாயிருந்த யாக்கோப் பேர்னாண்ட் 1794இல் எழுதிய குறிப்பு அத்தகையது. அக்கும்பனியின் ஆவணங்கள் 2003ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. இலங்கைத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ள ஏடுகளும் அவற்றுள் அடங்கும். கோட்டையைப் பிடித்தவர் 1795இல் அதனை ஆங்கிலேயரிடம் இழந்தனர். ஆயினும் அவர் எழுதிய ஏடுகள் நிலைத்தன.

இனி இக்காலக் கோட்டைகளை நோக்குவோம். கணினி வலையமைப்புக்களின் வாயிலிற் காவல் செய்யும் அமைப்பிற்குத் தீச்சுவர் என்று பெயர். ஒரு மனையிற் பற்றிய தீ அடுத்த மனைக்குப் பரவாவண்ணம் எழுப்பும் சுவரினின்று இப்பெயர் வந்தது. 1988ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மொறிஸ் புழு எனப்படும் நிரல் இணையத்திற் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிய பின்னர், இத்தகைய காவலின் தேவையைப் பலரும் உணர்ந்தனர். முதலில் ஒரு தீச்சுவருக்கு ஒரு பொறி என்றிருந்த நிலை மாறி, இன்று ஒரே பொறியினுள் பல தீச்சுவர்கள் மென்பொருள் வடிவில் இயங்குகின்றன. இவை மெய்நிகர்த் தீச்சுவர்கள் எனப்படும். ஒவ்வொன்றற்கும் தனி விதியும் தனிப் பதிவேடும் உண்டு. ஆதலின் ஒன்றன் பதிவைப் பெற்றவர் அனைத்தையும் பெற்றவராகார்.

இப்பதிவுகளைத் தீச்சுவரினுள்ளேயே விட்டுவைத்தல் தகாது. அதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, பொறியின் சேமிப்பிடம் அளவுடையது. இடம் நிரம்பியதும் பழைய பதிவின்மேற் புதியது எழுதப்படும். இரண்டாவது, உட்புகுந்த கள்வன் முதலில் அழிக்க முயல்வது தன் அடிச்சுவட்டையே. 1978 நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியையும், 2004 டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையையும் கண்ட இப்பகுதி மக்களுக்கு, ஓரிடத்துச் செய்தியை அவ்விடத்தே மட்டும் வைத்திருப்பதன் இடரை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பதிவுக் கோப்பை வெளியே கொணரும் வழியும் காலந்தோறும் மாறியுள்ளது. கோப்புப் பரிமாற்றத்திற்குரிய எப்.ரி.பி. என்னும் நெறிமுறையை 1971இல் வகுத்தவர் அபய் பூசண் என்னும் இந்தியர். நம்பிக்கைக்குரிய சிலரே வலையமைப்பிற் பழகிய காலத்து அது போதுமானதாயிற்று. ஆயின் அதிற் கடவுச்சொல் மறைப்பின்றியே சென்றது. 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பிற் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டபோது, அங்கிருந்த தாத்து இலோனன் என்பவர் எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறியாக்க நெறிமுறையை ஆக்கினார். அதன்மேல் இயங்கும் கோப்புப் பரிமாற்ற முறையே எஸ்.எப்.ரி.பி. ஆகும். இதிற் கடவுச்சொல்லும் கோப்பும் மறைபொருளாகச் செல்லும்; வழியில் ஓர் எழுத்து மாறினும் அம்மாற்றம் வெளிப்படும்.

எனினும் வழியைக் காத்தவர் ஏட்டைக் காத்தவராகிவிடுவதில்லை. 1638ஆம் ஆண்டு உடன்படிக்கை கற்பிக்கும் பாடம் இதுவேயாம். ஆதலின் இப்பணியில் ஈடுபடுவோர் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளல் வேண்டும். முதலிற் தொடர்பு கொள்ளும் பொறி உண்மையில் உரிய தீச்சுவர்தானா என்பதை அதன் திறவுகோலின் கைரேகை போன்ற சுருக்கத்தால் அறிதல் வேண்டும். கோப்பைப் பெறும் கணக்கிற்குப் படிக்கும் உரிமையன்றி மாற்றும் உரிமை இருத்தலாகாது. எழுதி முடிந்து மூடப்பட்ட கோப்பையே எடுத்தல் வேண்டும். கோப்பு மூடப்பட்ட அப்பொழுதே எஸ்.எச்.ஏ.-256 முறையால் அதன் சுருக்கக் குறியைக் கணித்து வேறிடத்திற் காத்து, பெற்ற படியின் குறியோடு ஒப்பிடுதல் வேண்டும். 64 எழுத்தும் இலக்கமுமாகிய அக்குறியில் வேறுபாடு தோன்றின், இரு படிகளும் ஒன்றல்ல என்பது உடனே தெளிவாகும். இராசசிங்கனுக்குக் கிட்டாத ஒப்புநோக்கு இதுவே.

நேரக் குறிப்பும் பிழையின்றி அமைதல் இன்றியமையாதது. இலங்கையின் நேரம் 1996இல் இருமுறையும் 2006இல் ஒருமுறையும் மாற்றப்பட்டது. அம்மாற்றத்தைக் கருதாது பழம் பதிவுகளை ஆராய்வோன், ஒரு நிகழ்ச்சியை அரைமணியோ ஒருமணியோ தள்ளிக் கணிப்பான். அவ்வேளையில் அலுவலகத்தில் இருந்திராத ஒருவர் மேற் பழி விழவும், குற்றமிழைத்தவர் தப்பவும் அதுவே போதும். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் கணினிச் சான்று நீதிமன்றத்தில் ஏற்கப்படுதற்கு வழிவகுத்தது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் கணினிக் குற்றங்களை வரையறுத்தது. இத்தகைய சட்டங்கள் உள்ள நாட்டிற் பதிவுக் கோப்பு என்பது பொறிவினைஞரின் குறிப்பு மாத்திரமன்று. ஒருவரின் மானத்தையும் வாழ்வையும் தாங்கும் சாட்சியுமாகும்.

புளியந்தீவின் மதில்கள் நான்கு நூற்றாண்டாக நிற்கின்றன. அவற்றைக் கட்டியவரும் கைப்பற்றியவரும் நீங்கிவிட்டனர். அன்று விடுபட்ட ஒரு தொடர் மட்டும் வரலாற்றில் நீங்காது நிற்கின்றது. வாயிலைக் காப்போர் ஏட்டையும் காப்பாராக; ஏட்டைக் காப்போர் படிகளை ஒப்பு நோக்குவாராக.