தொலைதூரக் கல்வியும் மாணவரின் மனநிறைவும்

இணையவழிக் கல்வி மாணவர்க்கு நிறைவளிக்கின்றதா என்னும் வினா நமது இறையியல் கல்லூரிகளிலும் எழுந்துள்ளது. கணினி தோன்றுமுன்னரே இவ்வினாவிற்கு ஒரு வரலாறு உண்டு.

1858-ஆம் ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகம், எங்குக் கற்றவராயினும், ஆடவர் அனைவர்க்கும் தன் தேர்வுகளைத் திறந்து வைத்தது. (பெண்கள் பட்டம் பெற 1878 வரை காத்திருக்க நேர்ந்தது.) தேர்வு இருந்தது, போதனை இல்லை.

1963-இல் ஹெரால்ட் வில்சன் கிளாஸ்கோவில் 'வான்வழிப் பல்கலைக்கழகம்' என்னும் திட்டத்தை முன்வைத்தார். ஜென்னி லீ அம்மையாரின் விடாமுயற்சியால் அது 1969-இல் அரச சாசனம் பெற்று, 1971 சனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவருடன் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாகப் பணி தொடங்கிற்று. முன்தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. பி.பி.சி. ஒளிபரப்பே அதன் உயிர்நாடி எனப் பலர் கருதினர். எனினும் மாணவரைத் தாங்கியவை அச்சிட்ட பாடநூல்களும், கோடைகாலப் பள்ளிகளும், எல்லாவற்றிற்கும் மேலாகப் பயிற்றாசிரியருமே. மாணவர் அஞ்சலில் அனுப்பிய கட்டுரைக்கு அவர் மதிப்பெண் மட்டும் இடவில்லை. குறிப்புகளும் எழுதித் திருப்பி அனுப்பினார். பாட ஒளிபரப்பு 2006-இல் நின்றது. பயிற்றாசிரியர் முறை நிற்கவில்லை.

அதே 1963-இல் குவாத்தமாலாவின் பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரியும், ஊரைவிட்டு வர இயலாத சபைத் தலைவர்களை நாடிச் சென்றது. வீட்டில் தாமே கற்றவர்கள், குறித்த நாளில் ஆசிரியரோடு அமர்ந்து ஆராய்ந்தனர். அம்முறை பின்னர் இந்தியாவிலும் வேரூன்றிற்று. பவுல் அப்போஸ்தலன் எபேசு சபைக்கு நிருபம் எழுதியதோடு நில்லாமல் தீகிக்குவையும் அனுப்பியதை இங்கு நினைவுகூரலாம்.

பிரிட்டனில் 2005-இல் முதன்முறையாக நடத்தப்பெற்ற தேசிய மாணவர் கணிப்பில், மாணவர் மனநிறைவில் முதலிடம் பெற்றது, தொன்மை மிக்க கல்லூரிகளன்று, இத்திறந்தநிலைப் பல்கலைக்கழகமே. ஆனால் பெருந்தொற்றினால் பல்கலைக்கழகங்கள் திரைவழிப் போதனைக்கு மாறியபின், நாடு முழுவதற்குமான மனநிறைவு 2020-இன் 83 விழுக்காட்டிலிருந்து 2021-இல் 75 ஆகக் குறைந்தது. இதில் தொற்றுக்காலத் துயரத்திற்கும் பங்குண்டு. ஆயினும், தொலைவு மட்டுமே காரணமெனில் 2005-இன் முடிவு விளங்காது. விரிவுரையைத் திரைக்கு மாற்றுவது எளிது. கட்டுரைக்கு மறுமொழி எழுதும் ஆசிரியரை அமர்த்துவதற்கே பொருளும் காலமும் வேண்டும் என்பது எம் கருத்து.

மற்றொன்றும் கூற வேண்டும். அக்கணிப்பு, படிப்பின் இறுதிக் கட்டத்தை எட்டியவர்களிடமே கருத்துக் கேட்டது. இடையில் நின்றுவிட்டோர் அதில் இடம்பெறவில்லை; தொலைதூரக் கல்வியில் அவர்கள் சிலரல்லர். நமது கல்லூரிகள் வினாத்தாள் அனுப்புகையில் அவர்களுடைய முகவரிகளையும் சேர்த்தல் வேண்டும்.