சிட்ரோயன் எண்ணெய்–வாயு சஸ்பென்ஷன்: இறுக்கமும் பழுதறிதலும்

எஃகு ஸ்பிரிங்குக்குப் பதிலாக, உருண்டைக் கோளங்களில் அடைத்த நைட்ரஜன் வாயுவும் பம்ப் தள்ளும் எண்ணெயும் காரைத் தாங்கும் அமைப்பு இது. பிரான்சின் சிட்ரோயன் நிறுவனத்தில் இதை உருவாக்கியவர் பால் மாஜெஸ்; பொறியியல் பட்டம் பெறாதவர்.

வரலாறு

1954இல் 15-சிக்ஸ் எச் காரின் பின்சக்கரங்களில் மட்டும் இது முதலில் வந்தது. 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வெளியான டி.எஸ். 19, நான்கு சக்கரங்களையும் எண்ணெய் அழுத்தத்தில் நிறுத்தியது. பிரேக், ஸ்டியரிங், கிளட்ச் ஆகியவையும் அதே அழுத்தத்தில் இயங்கின. முதல் நாளிலேயே ஏறத்தாழ 12,000 முன்பதிவுகள் குவிந்தன. 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸ் அருகே அதிபர் தெ கோல் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. டயர்கள் துளைபட்டும் அவருடைய டி.எஸ். நிலைகுலையாமல் தப்பியது இவ்வமைப்பின் பெருமை. 1965இல் வந்த சில்வர் ஷேடோ காரின் உயரத்தைச் சமன்செய்ய ரோல்ஸ் ராய்ஸும் இத்தொழில்நுட்பத்தின் உரிமம் பெற்றது.

எண்ணெய் வகைகள்

பல பழுதுகளின் வேர் எண்ணெயில் இருக்கிறது. தொடக்க கால எண்ணெய்களும் பின்னர் வந்த எல்.எச்.எஸ்.ஸும் காற்றின் ஈரத்தை உறிஞ்சியதால் குழாய்களும் வால்வுகளும் உள்ளே துருவேறின. 1966இல் வந்த பச்சை நிறக் கனிம எண்ணெயான எல்.எச்.எம். இக்குறையைத் தீர்த்தது. ஆனால் ஒன்றுக்கு உரிய ரப்பர் சீல் மற்றொன்றில் கெட்டுவிடும். ஆகவே கலப்பது கூடாது. சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றுவதும் கூடாது. 2001இல் வந்த சி5 காருக்கு ஆரஞ்சு நிற எல்.டி.எஸ். தனி.

பழுதறிதல்

இறுக்கம் இருவகை. இன்ஜின் ஓடும்போது மூலையை அழுத்தியும் கார் அசையாவிட்டால் அந்தக் கோளத்தில் நைட்ரஜன் தீர்ந்திருக்கும்; கோளத்தை மாற்ற வேண்டும். கார் தாமதமாக, வெட்டி வெட்டி எழுந்தால் உயரத் திருத்தி வால்வையோ அதை இயக்கும் கம்பியையோ பார்க்க வேண்டும். டிக்கியில் ஒருவர் உட்கார்ந்தால் பின்பக்கம் தாழ்ந்து சில நொடிகளில் மீள வேண்டும். இறங்கியதும் உயர்ந்து, பிறகு பழைய மட்டத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் கம்பியின் மூட்டு துருப்பிடித்து இறுகியிருக்கும். புதுச்சேரி–கடலூர் சாலையில் உள்ள தவளக்குப்பம் போல உப்புக்காற்று வீசும் ஊர்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையே. மூட்டைச் சுத்தம் செய்து கிரீஸ் இட்டு, காரின் உயரத்தை மாற்றும் லிவரைப் பலமுறை மேலும் கீழும் நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். கிழிந்த தூசி உறை வழியே மண் புகுந்தாலும் சிலிண்டர் இறுகும். பம்பின் அழுத்தத்தைச் சீராக்கும் வால்வின் டிக் ஒலி சில நொடிக்கொரு முறை கேட்டால், அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் கோளம் தேய்ந்தது என்று பொருள். எண்ணெய் அளவைக் கார் உச்ச உயரத்தில் நிற்கும்போதே பார்க்க வேண்டும். தொட்டியின் வடிகட்டிகளையும் கழுவ வேண்டும்.

உள்ளே 150 பாருக்கும் மேல் அழுத்தம் இருக்கலாம். அழுத்தத்தை வெளியேற்றாமல் குழாயைக் கழற்றக் கூடாது. ஸ்டாண்டு வைக்காமல் காரின் அடியில் நுழையவே கூடாது, அது திடீரென்று தாழும்.

தற்போதைய நிலை

2017இல் சி5 உற்பத்தியோடு இது முடிந்தது. பின்னர் திருவள்ளூரில் பூட்டப்பட்ட சி5 ஏர்கிராஸில் ஸ்பிரிங்கும் டேம்பருமே இருந்தன.