தபாலில் வரும் நூலும் நாட்டின் பதக்கமும்: டாலி பார்ட்டன்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துச் செவியர் மாவட்டத்தில் வாழ்ந்த ராபர்ட் லீ பார்ட்டன் எழுதப் படிக்க அறியாத உழவர். பன்னிரண்டு பிள்ளைகளின் தந்தை. அவர்களுள் நான்காமவர், 1946இல் பிறந்த டாலி பார்ட்டன். கன்ட்ரி இசையில் உலகப் புகழ் பெற்ற அவர், தம் தந்தையின் கூர்மையான அறிவையும், எழுத்தறியாமையால் அவர் உற்ற நாணத்தையும் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். அவருடைய கல்விப் பணி அந்த நாணத்திலிருந்தே தொடங்குகிறது.

1988இல் அவர் நிறுவிய அறக்கட்டளை முதலில் கவனித்தது உயர்நிலைப் பள்ளியிலிருந்து இடைநிற்கும் மாணவர்களை. இருவர் இருவராக இணைந்து, இருவருமே படிப்பை முடித்தால் ஒவ்வொருவருக்கும் 500 டாலர் என்று அவர் வாக்களித்தார். அவ்வகுப்புகளில் இடைநிற்றல் 35 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைந்தது என்பது அறக்கட்டளையின் கணக்கு. ஆயினும், பதின்பருவத்தில் தொடங்குவது காலந்தாழ்ந்த முயற்சி என்ற எண்ணமும் வலுப்பெற்றது. 1995இல் ‘இமாஜினேஷன் லைப்ரரி’ பிறந்தது. பிறப்பு முதல் ஐந்து வயது வரை, மாதம் ஒரு நூல், குழந்தையின் பெயருக்கே தபாலில் வரும். பெற்றோரின் வருமானம் கேட்கப்படுவதில்லை. தம் பெயருக்கு வந்த பொருள் என்ற உரிமையுணர்வோடு குழந்தை நூலைத் திறக்கிறது.

இத்திட்டம் வளர்ந்தது ஒருவருடைய செல்வத்தால் மட்டுமன்று. நிர்வாகச் செலவை அறக்கட்டளை ஏற்கிறது. நூல்களுக்கும் தபாலுக்குமான தொகையை அந்தந்த ஊரின் பங்காளி அமைப்புகள் திரட்டுகின்றன. 2004இல் டென்னசி அரசும் செலவில் பங்கேற்றுத் திட்டத்தை மாநிலம் முழுவதற்கும் விரித்தது. பின்னர் கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, அயர்லாந்து ஆகிய நாடுகளுக்கும் அது சென்றது. 2018இல் பத்துக் கோடியாவது நூல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு வழங்கப்பட்டது. இன்று எண்ணிக்கை இருபது கோடியைக் கடந்துவிட்டது.

இப்பணிக்கு நாடு எவ்வாறு நன்றி கூறுவது? 2005இல் அவருக்கு வழங்கப்பட்ட தேசியக் கலைப் பதக்கம் கலைஞரைப் போற்றியது. அந்நாட்டுக் குடிமக்களுக்குரிய மிக உயர்ந்த விருதுகளுள் ஒன்றான ‘குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம்’ 1963இல் கென்னடியின் ஆணையால் இன்றைய வடிவம் பெற்றது. முதலாண்டுப் பட்டியலிலேயே பாடகி மரியன் ஆண்டர்சன் இடம்பெற்றார். கேளிக்கைக் கலைஞரின் அறப்பணிக்கும் முன்னுதாரணம் உண்டு: சிறார் மருத்துவமனை நிறுவிய நடிகர் டேனி தாமஸுக்கு 1980களில் நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது.

பார்ட்டனுக்கு விடுதலைப் பதக்கம் அளிக்காதது தம் பிழையே என்று 2020இல் ஒபாமா ஒப்புக்கொண்டார். டிரம்பின் முதல் ஆட்சிக்காலத்தில் அது இருமுறை தமக்கு அளிக்க முன்வரப்பட்டதாகப் பார்ட்டன் 2021இல் தெரிவித்தார். கணவரின் உடல்நலக் குறைவால் ஒருமுறையும், பெருந்தொற்றுக் காலத்தில் பயணம் இயலாததால் மறுமுறையும் ஏற்கவில்லை. பைடனிடமிருந்து இனிப் பெற்றால் அரசியல் செய்வதாகத் தோன்றுமே என்றும் தயங்கினார். அதே ஆண்டில், மாநிலத் தலைமைச் செயலக வளாகத்தில் தமக்குச் சிலை வைக்கும் முன்மொழிவையும் கைவிடுமாறு வேண்டினார்.

இத்தயக்கத்தைத் தன்னடக்கம் என்று மட்டும் வாசிப்பது போதாது. பதக்கம் ஒரு கழுத்தில்தான் விழும். நூலகத்தை நடத்துவனவோ ஆயிரக்கணக்கான கைகள். கொடையாளியை மட்டும் புகழும் பாராட்டுரை, ஊர்தோறும் நிதி திரட்டுவோரையும் அரசின் கடமையையும் ஒருசேர மறைத்துவிடும். பள்ளிக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஏழைக் குழந்தையின் கைக்கு நூல் எட்டவில்லை என்பது பொதுக்கல்வியின் குறை. அக்குறையை ஒப்புக்கொண்டு வழங்கப்படும் பதக்கமே பொருளுடையது.

ராபர்ட் லீ பார்ட்டன் 2000இல் மறைந்தார். நூல் பெற்ற குழந்தைகள் தம் மகளைப் ‘புத்தக அம்மா’ என்று அழைப்பதைக் கேட்கும் வரை அவர் வாழ்ந்திருந்தார். மகளின் மற்றெல்லாப் புகழையும்விட அப்பெயரில் அவர் பெருமிதம் கொண்டார்.